பிப், கோண்டா, போயட்ரி, யூவி: பைத்தான் பேக்கேஜுகளை எதைக் கொண்டு நிர்வகிப்பது?

பைத்தான் கற்கத் தொடங்கி மூன்று மாதம் ஆனவர்களும் அதிலேயே பத்து ஆண்டுகளாகப் பிழைப்பவர்களும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்புகளான பேக்கேஜுகளை நிறுவுவதற்கு பிப் போதுமா, கோண்டாவுக்குப் போக வேண்டுமா, போயட்ரி எப்படி, அல்லது இப்போது எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்கும் யூவிக்கே மாறிவிடலாமா என்பதுதான் அது. பெரும்பாலானோர் வேகத்தை முன்வைத்து இதைக் கேட்கிறார்கள். வேகத்தை முதல் அளவுகோலாக வைப்பது தவறு என்பது என் கருத்து. அதற்குக் காரணமான ஒரு நிகழ்வை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எண் கணக்கீட்டுக்கான நம்பை என்ற பேக்கேஜின் 2.0 பதிப்பு 2024 ஜூன் நடுப்பகுதியில் வெளிவந்தது. அதற்குச் சில வாரங்கள் கழித்து, நான் பராமரித்துவந்த ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இறுதியாண்டு மாணவி ஒருவர், மே மாதம் வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த தம் செயல்திட்டத்தை வேறொரு கணினியில் நிறுவினார். தேவையான பேக்கேஜுகளைப் பட்டியலிடும் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் ஆறே வரிகள். ஒவ்வொன்றிலும் பேக்கேஜின் பெயர் மட்டும்தான், பதிப்பு எண் எதிலும் இல்லை. நிறுவல் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது. நிரலை ஓட்டியதும், நம்பை 1-ஐக் கொண்டு கம்பைல் செய்யப்பட்ட (இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட) மாட்யூலை நம்பை 2-இல் இயக்க முடியாது என்ற நீண்ட எச்சரிக்கை திரையை நிரப்பியது. நிரலில் அவர் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்கவில்லை. பிப்பும் சொன்னதைத்தான் செய்தது: நம்பை வேண்டும் என்று கேட்டார்கள், கிடைத்ததில் புதியதைக் கொடுத்தது. அவர் பயன்படுத்திய இன்னொரு பழைய பேக்கேஜ், நம்பை 2-க்குக் கீழே உள்ளதுதான் தனக்கு வேண்டும் என்று தன் விவரங்களில் குறிப்பிட்டிருக்கவில்லை. ஆகவே முரண்பாடு இருப்பதை அறிய பிப்புக்கு வழியும் இல்லை.

நிறுவல் நாற்பது நொடியில் முடிந்தாலும் நான்கு நொடியில் முடிந்தாலும் அன்று அதே பிழைதான் வந்திருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், உங்கள் பேக்கேஜுகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது. முழுவதும் பைத்தானிலேயே எழுதப்பட்ட பேக்கேஜ் எங்கும் நிறுவப்படும். தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நம்பை, அறிவியல் கணக்கீட்டுக்கான சைபை போன்றவற்றின் உள்ளே சி, ஃபோர்ட்ரான் மொழிகளில் எழுதிக் கம்பைல் செய்த பகுதிகள் உண்டு. அவற்றை ஆயத்தமாகக் கட்டித் தரும் வீல் கோப்பு உங்கள் இயங்குதளத்துக்கும் உங்கள் பைத்தான் பதிப்புக்கும் இருந்தால் தொல்லை இல்லை. மூன்றாவது வகைதான் சிக்கலானது. செயற்கைக்கோள் படங்களையும் வரைபடத் தரவையும் படிக்கும் ஜிடால் போன்ற பெரிய சி++ லைப்ரரிகள் கணினியில் ஏற்கெனவே இருக்க வேண்டும், அதுவும் பொருந்தும் பதிப்பிலேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவை இந்த வகை.

இரண்டாவது, இதே சூழலை, அதாவது பைத்தானும் அதில் நிறுவிய பேக்கேஜுகளும் சேர்ந்த அமைப்பை, இன்னொரு கணினியில், இன்னொரு நாளில், அச்சு மாறாமல் மீண்டும் அமைக்க முடியுமா என்பது. மாணவியின் ஆறு வரிக் கோப்பு தோற்றது இந்த அளவுகோலில்தான். நாம் கேட்ட பேக்கேஜ்கள் மட்டுமல்லாமல், அவை இழுத்துவரும் பேக்கேஜ்கள், அவை மேலும் இழுத்துவருபவை என எல்லாவற்றின் துல்லியமான பதிப்பையும் பதிந்துவைப்பதே லாக் கோப்பு.

மூன்றாவது, பைத்தானையே யார் கொண்டுவருவது என்பது. ஒரு திட்டத்துக்கு 3.9-உம் மற்றொன்றுக்கு 3.12-உம் தேவைப்படும் நிலை அரிதானதன்று. நான்காவது, வட்டில் பிடிக்கும் இடமும் இணையச் செலவும் நேரமும். ஐந்தாவது, உரிம நிபந்தனைகளும் பாதுகாப்பும். ஆறாவதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதே இல்லை: உடன் வேலை செய்பவர்கள் இந்தக் கருவியைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் பிடிக்கும், நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் அது பழுதானால் யார் சரிசெய்வார் என்பதே அது.

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் இயங்குதளத்துடன் வந்த பைத்தானைத் தொடாமல் இருக்க வேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இயங்குதளத்தின் பல கருவிகள் அந்தப் பைத்தானையே நம்பியிருக்கின்றன. நிர்வாகி உரிமை தரும் சூடோ போட்டு அதில் எதையாவது நிறுவி, ஏற்கெனவே இருந்த ஒரு பேக்கேஜின் பதிப்பு மாறிவிட்டால், இயங்குதளத்தின் வேறொரு மூலை பழுதாகும். இதனால்தான் 2023-இல் வெளிவந்த டெபியன் 12 முதல், வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் இது என்று சொல்லி பிப் மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பை மீறுவதற்கான விருப்பத்துக்கு 'இயங்குதளப் பேக்கேஜுகளை உடை' என்று பொருள்படும் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகும் இணையத்திலிருந்து அந்த வரியை நகலெடுத்து ஒட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## பிப்பும் வீஎன்வும்

பிப் 2008-இல் வந்தது. திட்டத்துக்கொரு தனிச்சூழலை அமைக்கும் வீஎன்வ் 2012-இல் பைத்தான் 3.3-உடன் சேர்ந்தது, 2014-இல் வெளியான 3.4 முதல் பிப்பும் பைத்தானுடனேயே வருகிறது. ஆகவே இந்த இணைக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதே முதல் நன்மை. டெபியன், உபுண்டு கணினிகளில் மட்டும் வீஎன்வ் தனிப் பேக்கேஜாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், அவற்றின் நிறுவல் கருவியான ஏபிடி வழியே அதை ஒருமுறை நிறுவிக்கொள்ள நேரும்.

இரண்டாவது நன்மை, இது எதையும் மறைப்பதில்லை. சூழல் என்பது ஒரு கோப்புறை, அதற்குள் பேக்கேஜுகள் கோப்புகளாக இருக்கின்றன, ஆக்டிவேட் செய்வது, கணினி நிரல்களைத் தேடும் இடங்களைக் குறிக்கும் பாத் மாறியின் முன்னால் ஒரு பாதையைச் சேர்ப்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை என்பதைக் கண்ணால் பார்த்து அறிந்துகொள்ளலாம். பிற்பாடு எந்தக் கருவிக்குப் போனாலும் இந்த அறிவு உதவும். அதனால் வகுப்பில் நான் முதலில் கற்பிப்பது இதைத்தான்.

இதற்கு மறைவான செலவுகள் உண்டு. ஒரு பேக்கேஜை நீக்கும்போது, அது இழுத்துவந்த சார்பு பேக்கேஜுகளை பிப் நீக்குவதில்லை. அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸை நீக்கிய பிறகும் அதற்காக வந்த நம்பையும் தேதிகளைக் கையாளும் சிறிய பேக்கேஜுகளும் அங்கேயே கிடக்கும். சில மாதங்களில் அந்தச் சூழலில் எது நீங்கள் கேட்டது, எது தானாக வந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. அந்த நிலையில், நிறுவப்பட்டவற்றைப் பட்டியலிடும் பிப் ஃப்ரீஸ் கட்டளையைக் கொடுத்தால் எல்லாம் ஒரே பட்டியலாக வந்து விழுகிறது. அதைச் சேமித்து லாக் கோப்பு என்று நம்பிவிடுகிறோம். அது ஒரு கணினியின், ஓர் இயங்குதளத்தின், ஒரு நாளின் புகைப்படம் மட்டுமே. விண்டோஸில் எடுத்த பட்டியல் லினக்ஸில் அப்படியே நிறுவப்படும் என்பதற்கு உறுதி இல்லை.

2020 நவம்பரில் வந்த 20.3 பதிப்பிலிருந்து, பேக்கேஜுகளுக்கிடையே முரண்பாடு இருந்தால் பிப் கண்டுபிடித்துச் சொல்கிறது. இன்று ஒரு கட்டளை, நாளை ஒரு கட்டளை என்று தனித்தனியாக நிறுவும்போது மட்டும், இரண்டாவது கட்டளை முதலாவதன் தேவைகளைக் குலைத்துவிடலாம். அப்போது பிப் ஒரு சிவப்பு வரியைக் காட்டிவிட்டு நிறுவலை முடித்துவிடுகிறது. அந்தச் சிவப்பு வரியைப் படிப்பவர்கள் மிகச் சிலர்.

பிப்-டூல்ஸ் என்ற துணைக்கருவியைச் சேர்த்துக்கொண்டால் இந்தக் குறைகளில் பாதி தீர்ந்துவிடும். நாம் கேட்பவற்றை ஒரு கோப்பில் எழுதினால், முழுப் பட்டியலையும் துல்லியமான பதிப்புகளோடும், கேட்டால், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹேஷ் மதிப்புகளோடும் அது இன்னொரு கோப்பில் எழுதித் தருகிறது. ஏற்கெனவே பிப்பில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சர்வர் நிரலை முழுவதுமாக மாற்ற அஞ்சுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

இணைய இணைப்பு சரியில்லாத ஆய்வகங்களுக்கு பிப்பில் ஒரு நல்ல வசதி உண்டு. ஒரு கணினியில் பிப் டவுன்லோட் கட்டளையால் வீல் கோப்புகளை ஒரு கோப்புறையில் சேர்த்து, பென்டிரைவில் எடுத்துப்போய், இணையப் பட்டியலைப் பார்க்காமல் அந்தக் கோப்புறையிலிருந்தே எடுத்துக்கொள் என்று சொல்லி முப்பது கணினிகளிலும் நிறுவலாம். எல்லாக் கணினிகளிலும் ஒரே இயங்குதளமும் ஒரே பைத்தான் பதிப்பும் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

## கோண்டா

பிப்பும் கோண்டாவும் ஒரே வேலையைச் செய்யும் இரு கருவிகள் என்று கருதுவதிலிருந்தே பாதிக் குழப்பம் தொடங்குகிறது. பிப் பைத்தான் பேக்கேஜுகளை மட்டும் அறியும். கோண்டாவுக்குப் பைத்தானும் ஒரு பேக்கேஜ்தான். சி கம்பைலர், ஜிடால், ஆர் மொழி, கிராஃபிக்ஸ் கார்டுக்கான லைப்ரரிகள் ஆகியவையும் அப்படியே. அறிவியல் கணக்கீட்டுக்கான பேக்கேஜுகளை நிறுவுவதே பெரும்பாடாக இருந்த காலத்தில், 2012-இல், இன்று அனகோண்டா என்று அறியப்படும் நிறுவனம் இதை உருவாக்கியது. வீல் கோப்புகள் அப்போது இன்னும் பரவவில்லை. விண்டோஸ் கணினியில் சைபையை நிறுவ ஒரு நாள் முழுதும் செலவழித்தவர்களுக்குத்தான் கோண்டாவின் அருமை தெரியும்.

இன்று நம்பை, சைபை, பாண்டாஸ் அனைத்துக்கும் வீல் கோப்புகள் இருப்பதால், அவற்றுக்காக மட்டும் கோண்டாவுக்குப் போக வேண்டிய தேவை இல்லை. ஜிடால் நிலை வேறு. பைத்தான் பேக்கேஜுகளின் பொதுக் களஞ்சியமான பைபிஐ-யில் அதன் பைத்தான் இணைப்பு மூலநிரலாகவே தரப்படுகிறது. கணினியில் உள்ள ஜிடால் லைப்ரரியின் பதிப்பும் நீங்கள் நிறுவும் இணைப்பின் பதிப்பும் பொருந்தவில்லை என்றால், கம்பைலர் பக்கம் பக்கமாகப் பிழைகளைக் கக்கும். கோண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்திலிருந்து எடுத்தால் ஒரே கட்டளையில் முடிந்துவிடும். புவியியல், வானிலை, உயிரியல் தரவுகளோடு வேலை செய்பவர்கள் கோண்டாவை விடாமல் இருப்பதற்கு இது போதுமான காரணம்.

உரிமத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. கோண்டா என்ற கருவி திறமூல மென்பொருள். அனகோண்டா நிறுவனம் நடத்தும் இயல்புக் களஞ்சியம் அப்படியன்று. 2020-இல் அதன் பயன்பாட்டு நிபந்தனைகள் மாற்றப்பட்டு, 200 பேருக்கு மேல் வேலை செய்யும் அமைப்புகள் கட்டணம் செலுத்த வேண்டும் என்றாயின. அதன் பிறகும் அவை திருத்தப்பட்டுள்ளன. கல்வி நிறுவனங்கள் உட்பட எந்த அமைப்பும், நடப்பில் உள்ள நிபந்தனையை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. தன்னார்வலர்கள் 2015 முதல் நடத்திவரும் கோண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்துக்கு இந்தக் கட்டணம் இல்லை. அதனால் அனகோண்டாவையோ மினிகோண்டாவையோ நிறுவாமல், கோண்டா-ஃபோர்ஜை மட்டுமே பயன்படுத்துமாறு அமைக்கப்பட்ட மினிஃபோர்ஜை நிறுவுங்கள் என்றே எல்லாரிடமும் சொல்கிறேன்.

கோண்டாவின் ஆமை வேகம் பற்றிய கேலிகள் பழையவை. 2023 இறுதியில் வந்த 23.10 பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தும் என்று கணக்கிடும் லிப்மாம்பா என்ற விரைவான தீர்வி இயல்பாகவே சேர்க்கப்பட்டுவிட்டது. இன்றைய உண்மையான தொல்லைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. ஒன்று, பலர் தனிச்சூழல் அமைக்காமல், கோண்டாவோடு வரும் பேஸ் சூழலிலேயே எல்லாவற்றையும் கொட்டுகிறார்கள். அது குழம்பினால் கோண்டாவே குழம்பிவிடும். இரண்டு, கோண்டா சூழலுக்குள் பிப்பையும் கலப்பது. கோண்டாவில் நம்பையும் பிப்பில் இயந்திரக் கற்றலுக்கான பைடார்ச்சும் வந்தால், ஒரே இணைக்கணக்கீட்டு லைப்ரரியின் இரண்டு பிரதிகள் ஒரே நிரலுக்குள் ஏறிவிடலாம்; இன்டெலின் அந்த லைப்ரரி ஏற்கெனவே தொடங்கப்பட்டுவிட்டது என்ற பிழையைக் காட்டி நிரல் நின்றுபோவதை விண்டோஸில் பலமுறை பார்த்திருக்கிறேன். கலப்பது தவிர்க்க முடியாதது என்றால், கோண்டாவில் நிறுவ வேண்டியதை எல்லாம் முதலில் முடித்துவிட்டு, பிப்பைக் கடைசியாக ஒருமுறை மட்டும் ஓட்டி, பின்னர் மாற்றம் தேவைப்பட்டால் சூழலையே அழித்துப் புதிதாக அமைப்பது நல்லது.

பைடார்ச்சைப் பொறுத்தவரை இன்னொரு செய்தி. அந்தத் திட்டம் 2.5 பதிப்புக்குப் பிறகு தன் அதிகாரபூர்வ கோண்டா சேனலில் (களஞ்சியத்தில்) வெளியிடுவதை நிறுத்திவிட்டது. பைடார்ச் வேண்டும், ஆகவே கோண்டா வேண்டும் என்ற பழைய அறிவுரை இனி பொருந்தாது.

லாக் கோப்பு விஷயத்தில் கோண்டா பின்தங்கியே இருக்கிறது. கோண்டாவிலிருந்து ஏற்றுமதி செய்யும் பட்டியலில் இயங்குதளத்துக்கே உரிய கட்டமைப்புக் குறிகள் ஒட்டிக்கொண்டு வருவதால், லினக்ஸில் எடுத்தது மேக்கில் ஓடாது. கோண்டா-லாக் என்ற தனிக்கருவியால் இதைச் சரிசெய்யலாம். கோண்டா-ஃபோர்ஜ் பேக்கேஜுகளையே எடுத்துக்கொண்டு, திட்டத்துக்கொரு லாக் கோப்பையும் தானே எழுதும் பிக்ஸி என்ற கருவி 2023 முதல் இருக்கிறது. புதிதாக ஒரு புவியியல் தரவுத் திட்டத்தை இன்று தொடங்கினால் நான் அதைத்தான் முதலில் சோதித்துப் பார்ப்பேன்.

## போயட்ரி

பிப்பில் லாக் கோப்பு இல்லாத குறையைத் தீர்க்க 2017-இல் பிப்என்வ் வந்தது. அதன் போக்கில் மனநிறைவு அடையாதவர்கள் 2018-இல் வந்த போயட்ரிக்கு நகர்ந்தார்கள். திட்ட விவரங்கள் ஒரு பைபிராஜெக்ட் கோப்பில், துல்லியமான பதிப்புகள் ஒரு லாக் கோப்பில், சோதனைக்கும் உருவாக்கத்துக்கும் தேவையான பேக்கேஜுகள் தனித்தனிக் குழுக்களில் என்ற ஒழுங்கைப் பலருக்குப் பழக்கியது போயட்ரிதான். நீங்களே ஒரு பேக்கேஜ் எழுதிப் பைபிஐ-யில் வெளியிடுவதானால், கட்டுவதும் வெளியிடுவதும் அதிலேயே இருக்கின்றன.

ஒரு பேக்கேஜைச் சேர்க்கும்போது, அடுத்த பெரிய பதிப்புக்கு மேல் போகக்கூடாது என்ற உச்சவரம்பைப் போயட்ரி இயல்பாக எழுதிவிடுகிறது. இணையதளம் போன்ற முடிவான பயன்பாட்டுக்கு அது பாதுகாப்பு. பிறர் பயன்படுத்தப்போகும் லைப்ரரிக்கு அதுவே தலைவலி. உங்கள் உச்சவரம்பும் வேறொருவரின் கீழ்வரம்பும் மோதினால் இரண்டையும் சேர்த்து நிறுவ வழியே இருக்காது. 2025 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பு, திட்ட விவரங்களை எழுதுவதில் பைத்தான் உலகம் முழுவதற்கும் பொதுவான முறையை ஏற்றுக்கொண்டது நல்ல செய்தி. அதே பதிப்பில் ஷெல் கட்டளையும் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பை ஏற்றுமதி செய்யும் கட்டளையும் தனிச் செருகுநிரல்களாகப் போய்விட்டதால், பழைய தானியங்கி ஸ்கிரிப்ட்களைத் திருத்த வேண்டி வந்தது. போயட்ரியில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தை அப்படியே விடுங்கள். புதிய திட்டத்தை அதில் தொடங்க எனக்கு இப்போது வலுவான காரணம் தெரியவில்லை.

## யூவி

அஸ்ட்ரல் என்ற நிறுவனம் ரஸ்ட் மொழியில் எழுதி 2024 பிப்ரவரியில் வெளியிட்ட யூவி, முதலில் பிப்புக்கு மாற்றாக மட்டுமே இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் திட்ட நிர்வாகம், லாக் கோப்பு, பைத்தான் பதிப்புகளை நிறுவுதல் அனைத்தும் சேர்ந்தன. யூவியை நிறுவக் கணினியில் பைத்தான் இருக்க வேண்டும் என்பதே இல்லை. ஒரே நிரல்கோப்பாக வந்து, தேவையான பைத்தானை அதுவே கொண்டுவருகிறது. மூன்றாவது அளவுகோலில் பிப் முற்றிலும் கைவிடும் இடம் அது.

வேகம் உண்மைதான். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வட்டில் மிஞ்சும் இடம். பிப், ஒவ்வொரு சூழலுக்குள்ளும் பேக்கேஜுகளை முழுவதாக நகலெடுக்கிறது. லினக்ஸில் கிராஃபிக்ஸ் கார்டு ஆதரவோடு வரும் பைடார்ச்சை நிறுவினால் பதிவிறக்கமே 2 ஜிபியைத் தாண்டும். விரித்து வைக்கும்போது இன்னும் பெருகும். ஐந்து மாணவர்கள் ஒரே சர்வரில் ஐந்து சூழல் வைத்தால் ஐந்து பிரதிகள். யூவி ஒரே ஒரு பிரதியைக் கேஷ் என்ற சேமிப்புக் கோப்புறையில் வைத்து, சூழல்களிலிருந்து அதற்கு இணைப்பு மட்டும் கொடுக்கிறது. கேஷ் கோப்புறையும் சூழலும் ஒரே வட்டுப் பகுதியில் இருந்தால்தான் இது நடக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹோம் கோப்புறை ஒரு வட்டிலும் திட்டங்கள் வேறொரு வட்டிலும் இருந்த எங்கள் சர்வரில் யூவி பேசாமல் நகலெடுக்கத் தொடங்கியது. கேஷின் இடத்தைத் திட்டங்கள் இருக்கும் வட்டுக்கு மாற்றிய பிறகுதான் சேமிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சர்வரில் மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு என்றால் கேஷும் தனித்தனிதான் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பாதுகாப்பில் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. 2022 டிசம்பர் 25 முதல் 30 வரை, பைடார்ச்சின் இரவுப் பதிப்பை (நாள்தோறும் வெளியாகும் சோதனைப் பதிப்பு) லினக்ஸில் பிப்பால் நிறுவியவர்களின் கணினிகளுக்குள் ஒரு தீய பேக்கேஜ் புகுந்தது. பைடார்ச்சின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்த டார்ச்-டிரைட்டன் என்ற சார்பு பேக்கேஜின் பெயரிலேயே ஒருவர் பைபிஐ-யில் ஒரு போலியை ஏற்றிவிட்டார். இரு களஞ்சியங்களிலும் ஒரே பெயர் இருந்தபோது பைபிஐ-யில் இருந்ததே நிறுவப்பட்டது. கூடுதல் களஞ்சியம் ஒன்றைச் சேர்க்கும்போது, பிப் எல்லாக் களஞ்சியங்களையும் ஒன்றாகக் கலந்து, அவற்றுள் உயர்ந்த பதிப்பு எதுவோ அதை எடுக்கும். யூவி இயல்பாக, ஒரு பெயர் எந்தக் களஞ்சியத்தில் முதலில் கிடைக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். சொந்த நிறுவனத்துக்குள் தனிக் களஞ்சியம் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கப் போதுமானது.

பெயர் பற்றிய இன்னொரு ஆபத்தை எந்தக் கருவியும் தடுக்காது. நிறுவும் பெயரும் நிரலில் இம்போர்ட் செய்யும் பெயரும் பல பேக்கேஜுகளில் வேறுவேறு: பில்லோவை நிறுவிவிட்டு பிஐஎல் என்று இம்போர்ட் செய்கிறோம், ஓப்பன்-தமிழை நிறுவிவிட்டு தமிழ் என்று இம்போர்ட் செய்கிறோம். நிரலில் உள்ள பெயரை ஊகித்து நிறுவுபவர்களைக் குறிவைத்தே ஒத்த பெயர்களில் தீய பேக்கேஜுகள் ஏற்றப்படுகின்றன.

யூவியின் குறைகளும் சில. அது அமைக்கும் சூழலில் இயல்பாக பிப் இருக்காது. ஜூபிட்டர் நோட்புக்கில் ஆச்சரியக்குறி போட்டு பிப் இன்ஸ்டால் என்று எழுதிப் பழகிய மாணவர்கள், பேக்கேஜ் வேறெங்கோ போய் நிறுவப்பட்டதைக் கண்டு திகைக்கிறார்கள். நிறுவும்போது பிப் நிரலைப் பைட்கோடாக (பைத்தான் நேரடியாக இயக்கும் இடைவடிவமாக) மாற்றிவைப்பதுபோல யூவி தானாகச் செய்வதில்லை. அதனால் முதல் இம்போர்ட் சற்றுத் தாமதமாகும், நிரலைச் சூழலோடு சேர்த்துப் பொதியும் கன்டெய்னர்களில் இதற்கான விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பைத்தான் அல்லாத லைப்ரரிகளை யூவியும் தராது. வீல் கோப்பு இல்லாத இடத்தில் பிப் தடுமாறுவதுபோலவே அதுவும் தடுமாறும், என்ன, சற்று வேகமாகத் தடுமாறும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | பிப் + வீஎன்வ் | கோண்டா (மினிஃபோர்ஜ்) | போயட்ரி | யூவி |
|---|---|---|---|---|
| பைத்தான் அல்லாத லைப்ரரிகள் | தராது | தரும் | தராது | தராது |
| லாக் கோப்பு | பிப்-டூல்ஸ் தேவை | கோண்டா-லாக் தேவை | உண்டு | உண்டு. எல்லா இயங்குதளங்களுக்கும் ஒன்றே |
| பைத்தான் பதிப்பைக் கொண்டுவருதல் | இல்லை | உண்டு | 2.1 முதல் சோதனை நிலையில் | உண்டு |
| வட்டு இடம் | சூழலுக்கொரு பிரதி | கேஷிலிருந்து இணைப்பு | சூழலுக்கொரு பிரதி | கேஷிலிருந்து இணைப்பு |
| உரிமக் கவலை | இல்லை | கோண்டா-ஃபோர்ஜ் வரை இல்லை | இல்லை | இல்லை |
| கற்கும் காலம் | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் | குறைவு |

## யாருக்கு எது

மொழியை இப்போதுதான் கற்கிறீர்கள் என்றால் முதல் இரண்டு மாதம் பிப்பும் வீஎன்வும் போதும். இணையதளம், ஏபிஐ, தரவுப் பகுப்பாய்வு, பைடார்ச் பயிற்சி என எதுவானாலும், உங்கள் பேக்கேஜுகள் அனைத்துக்கும் வீல் கோப்புகள் இருக்கின்றன என்றால் புதிய திட்டத்தை யூவியில் தொடங்குங்கள். ஐயம் இருந்தால் சோதிப்பது எளிது: மூலநிரலிலிருந்து எதையும் கட்டாதே, வீல் மட்டும் எடு என்ற விருப்பத்தோடு ஒருமுறை நிறுவிப் பாருங்கள், எந்தப் பேக்கேஜில் நிற்கிறதோ அதுதான் உங்கள் சிக்கல். அது ஜிடால் போன்ற ஒன்றாக இருந்தால் மினிஃபோர்ஜ் அல்லது பிக்ஸி. அது வெறுமனே பைத்தானின் மிகப் புதிய பதிப்புக்கு இன்னும் வீல் வராததால் நின்றிருந்தால், கருவியை மாற்றாமல் பைத்தானை ஒரு பதிப்பு கீழே இறக்குங்கள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் புதிய பைத்தான் வரும்போது இந்தச் சிக்கல் சில வாரங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த நேரத்தில் கோண்டாவுக்கு ஓடிப்போய், பிறகு இரண்டையும் கலந்துவைத்துத் தவிப்பவர்கள் ஏராளம்.

பத்துப் பேர் கொண்ட குழுவில் எட்டுப் பேர் போயட்ரியில் தேர்ந்தவர்கள் என்றால் அங்கே ஆறாவது அளவுகோல் மற்ற ஐந்தையும் வென்றுவிடும். நூறு சர்வர்களில் பிப்பால் நிறுவிவரும் அமைப்புக்கும் இது பொருந்தும். அங்கே பிப்-டூல்ஸைச் சேர்த்து ஹேஷ் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவதால் கிடைக்கும் பயன், கருவியை மாற்றுவதால் கிடைப்பதைவிட அதிகம்.

பிப்பிலிருந்து யூவிக்கு மாற முடிவுசெய்தவர்கள், பிப் ஃப்ரீஸ் தந்த நீளப் பட்டியலை அப்படியே இறக்குமதி செய்துவிடாதீர்கள். செய்தால் தானாக வந்த பேக்கேஜுகள் எல்லாம் நீங்கள் கேட்டவையாகப் பதிவாகிவிடும், நாளை ஒன்றையும் மேம்படுத்த முடியாது. நிரலில் உண்மையில் இம்போர்ட் செய்திருப்பவற்றை மட்டும் தேடி எடுத்து, அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, லாக் கோப்பு உருவான பிறகு அதைப் பழைய பட்டியலோடு ஒப்பிட்டு, பெரிய பதிப்பு மாறியிருப்பவற்றுக்கு மட்டும் வரம்பு எழுதுங்கள். பிறகு சூழல் கோப்புறையை அழித்துவிட்டு லாக் கோப்பிலிருந்து மீண்டும் அமைத்துப் பாருங்கள்; அதையே வேறொரு கணினியிலும் செய்யுங்கள்.

அந்த மாணவியின் திட்டத்தை இப்படித்தான் மாற்றினோம். ஆறு பேக்கேஜுகளில் ஒன்றை அவர் பயன்படுத்தவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நம்பை 2-க்குக் கீழே என்ற ஒரே ஒரு வரம்பு எழுத வேண்டியிருந்தது. மொத்தம் ஒரு மணி நேர வேலை. பக்கத்து இருக்கையில் செயற்கைக்கோள் படங்களோடு போராடிக்கொண்டிருந்த அவருடைய வகுப்புத் தோழர், தமக்கும் அதையே செய்துதரச் சொன்னார். முயன்றோம், ஜிடாலில் நின்றது. அவருடைய திட்டம் இன்னும் மினிஃபோர்ஜில்தான் ஓடுகிறது, அதை மாற்றும் எண்ணம் எங்கள் இருவருக்குமே இல்லை.